மலைநாட்டு உடைக்கு மண் ஆபரணம்

சென்ற மாரிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, எடின்பரோ நகரத்தின் மேற்குப் பாகத்திலுள்ள மர்ரிஃபீல்ட் மைதானத்தில் ரக்பிப் பந்தயம் பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞர் கூட்டமொன்று, நான் அமர்ந்திருந்த பஸ்ஸில் ஏறியது. எல்லோரும் கில்ட் என்னும் ஸ்காத்லாந்து மலைநாட்டு உடையை உடுத்தியிருந்தார்கள். எல்லோரும் மழையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள். கதவு மூடிய சிறிது நேரத்துக்கெல்லாம் ஈரக் கம்பளியின் மணம் வண்டி முழுவதும் பரவிற்று. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது முகம் சுளிக்கவைக்கும் வாடையாகவே இருந்திருக்க வேண்டும். எனக்கோ, யௌவன காலத்தில் அந்த மணத்தையும் பச்சைக் களிமண்ணின் மணத்தையும் ஒருசேர நுகர்ந்தே பழகியவனாதலால், ஒன்று வந்தவுடன் மற்றொன்றும் தானே வந்து சேர்ந்துகொள்ள, மாணாக்கனாக நான் வாடகைக்குக் குடியிருந்த போர்ட்டொபெல்லோ வீடும், அதன் பின்கட்டும், அங்கே ஓயாமல் வாக்குவாதம் செய்துகொண்டிருந்த அண்ணனும் தங்கையும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

போர்ட்டொபெல்லோ எடின்பரோவுக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்த ஊர். பனாமாக் கடற்கரையில் ஸ்பானியர் வசமிருந்த ஒரு துறைமுகத்தை ஆங்கிலக் கடற்படை 1739-இல் பிடித்தபோது அங்கிருந்த மாலுமி ஒருவன், பிற்பாடு இங்கே வந்து வீடு கட்டிக்கொண்டு, அதற்கு அந்தத் துறைமுகத்தின் பெயரையே சூட்டினான் என்று ஊரார் சொல்லுவார்கள். அதே நூற்றாண்டில் இவ்வூர் நிலத்தடியில் நல்ல களிமண் இருப்பது தெரியவந்தது. முதலில் செங்கல் சூளைகளும் பின்னர் மண்பாண்டத் தொழிற்சாலைகளும் எழுந்தன. புட்டியைப் போல வயிறு பருத்துக் கழுத்துச் சிறுத்த இரண்டு செங்கற் சூளைகள், 1906-இலும் 1909-இலும் கட்டப்பட்டவை, அந்தக் காலத்துக்குச் சாட்சியாக இன்றும் வீடுகளுக்கிடையே நின்றுகொண்டிருக்கின்றன. அவை பக்கன் கம்பெனியாருக்குச் சொந்தமாயிருந்தவை. ஸ்காத்லாந்தின் தேசியச் சின்னமாகிய திஸில் என்னும் முட்செடியைக் கையால் தீட்டிய ஜாடிகளுக்கும் கிண்ணங்களுக்கும் பெயர் பெற்ற அந்தக் கம்பெனி, 1972-இல் பெர்த்ஷயரிலுள்ள கிரீஃப் என்னும் ஊருக்குப் பெயர்ந்து சென்றது. கம்பெனி போயிற்று, அங்கே சிறு வயது முதல் தூரிகை பிடித்துத் திஸில் பூக்களை எழுதிவந்த என் வீட்டுக்கார அம்மையார், கடலை விட்டுப் போக மனமில்லாதவராய், தம் வீட்டுப் பின்கட்டிலேயே சிறிய மின்சாரச் சூளை ஒன்றை அமைத்துக்கொண்டு, கில்ட் உடையோடு அணியத்தக்க ஊக்குகளையும் புரோச்சுகளையும் பொத்தான்களையும் மண்ணிலே செய்து ஜீவனம் நடத்தத் தொடங்கினார்.

அம்மையாரின் தமையனார் கில்ட் தைப்பவர். நகரத்துக் கடை ஒன்றில் வெகுகாலம் உழைத்து ஓய்வு பெற்று, தங்கையின் வீட்டு மாடியில் வசித்தார். ஓய்வு பெற்றாரேயொழிய ஊசியை விட்டபாடில்லை. பழைய கில்ட்டுகளைச் செப்பனிட்டுக் கொடுக்கும்படி யாராவது அவரைத் தேடி வந்துகொண்டே இருப்பார்கள். குளிர்காலத்தில் அந்த வீட்டில் கதகதப்பான இடம் சூளை இருந்த அறை ஒன்றே. ஆகவே அவர் தம் மேஜையையும் அங்கேயே போட்டுக்கொண்டு, ஈரத் துணியை விரித்து அதன்மேல் கனத்த இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திக் கில்ட்டின் மடிப்புகளைப் பதியவைப்பார். ஆவி எழும்பும், கம்பளி மணக்கும், எதிர்ப்புறத்தில் தங்கையார் பிசைந்துகொண்டிருக்கும் மண்ணும் மணக்கும். கடற்காற்றில் விறைத்துப்போய் வீடு திரும்பும் எனக்கு அந்த அறையைவிடச் சுகமான இடம் உலகத்தில் இருந்ததில்லை. உட்கார இடம் கொடுத்ததற்கு ஈடாக என் கையிலும் ஒரு வேலை கொடுப்பது அம்மையாரின் வழக்கம்.

கில்ட் உடையைப் படங்களில் கண்டிருந்த எனக்கு, அதன் இலக்கணத்தை உபதேசித்தவர் பெரியவர். நல்ல கில்ட்டுக்கு எட்டு கஜத் துணி வேண்டும் என்று அவர் சொன்னபொழுது, என் தாயார் உடுத்திய பதினெட்டு முழப் புடவைக்கு இது இரண்டு முழமே குறைவு என்று நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அதைக் கேட்டு அவருக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. அந்த நீளம் முழுவதும் பின்புறத்தில் மடிப்புகளுக்குள் அடங்கிவிடுகிறது. முன்புறம் மடிப்பில்லாத இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும். மேற்பட்டையின் வலது ஓரத்தில், கீழ் விளிம்புக்குச் சிறிது மேலே, ஊக்கு குத்தப்படும். பார்ப்பவர்கள் அது இரண்டு பட்டைகளையும் பிணைப்பதாக எண்ணுவார்கள். அப்படிப் பிணைப்பது மகா பாதகம் என்பது பெரியவரின் சித்தாந்தம். மேற்பட்டையில் மட்டும் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடைக்குத் தடையாகும், உட்காரும்போது துணி கிழியும். காற்றில் ஓர் இளம் போர்வீரனின் கில்ட் பறந்ததைக் கண்ட விக்டோரியா மகாராணி தம் உடையிலிருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தார் என்றும், அதிலிருந்து இந்த வழக்கம் பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. அந்தக் கதையை வாடிக்கைக்காரர் யாராவது சொன்னால் பெரியவர் இஸ்திரிப் பெட்டியைச் சற்றுப் பலமாகவே கீழே வைப்பார்.

மண்ணாலான ஊக்கு என்ற எண்ணமே முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளியும் பித்தளையும் பியூட்டரும் இருக்கையில், கைதவறினால் உடையும் பொருளை யார் அணிவார்கள் என்பது அவர் கேள்வி. "முட்செடிப் பூவின் நிறத்தை வெள்ளியில் காட்டு பார்க்கலாம்" என்பது தங்கையின் பதில். இந்த விவகாரம் நான் அங்கே குடியேறுவதற்கு முன்பே தொடங்கி, நான் வீட்டைக் காலி செய்த பின்பும் தொடர்ந்தது என்று நினைக்கிறேன். ஆயினும், தங்கை ஒரு புதிய ஊக்கைச் சூளையிலிருந்து எடுத்தவுடன் அதை முதலில் வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவர் அந்த அண்ணனே. கனம் மிகுந்தால் துணியின் ஓரம் தொங்கிப்போகும். மிகவும் குறைந்தால் காற்றுக்கு அசையும். அவர் தலையை ஆட்டினால் அது விலைக்குப் போகும்; உதட்டைப் பிதுக்கினால் ஜன்னலோரத்துத் தகரப் பெட்டிக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் என்னை நகரத்துக்கு அழைத்துச் செல்வதுண்டு. அக்காலத்தில் குயீன் தெருவில் இருந்த தொல்பொருட் காட்சிசாலையில், ஹன்டர்ஸ்டன் புரோச் என்னும் புகழ்பெற்ற ஆபரணத்தின் எதிரே என்னை நிறுத்தி, பேசாமல் பார்க்கச் சொன்னார். வெள்ளியில் வார்த்து, பொன்னிழைகளாலும் அம்பர் மணிகளாலும் அலங்கரித்த அந்த வட்டமான அணி ஏறக்குறைய கி.பி. 700-இல் செய்யப்பட்டது. பல தலைமுறைகளுக்குப் பிறகு அது எவன் கைக்கோ வந்தபோது, மெல்பிரிக்டா என்னும் தன் பெயரை அவன் அதன் பின்புறத்தில் ரூன் எழுத்துக்களால் கீறி வைத்தான். மேலாடையைத் தோளில் நிறுத்துவதற்கென ஏற்பட்ட கருவி, ஆபரணமாகி, குடும்பச் சொத்தாகி, கடைசியில் தேசத்தின் சொத்தாகியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்பொழுது அது சேம்பர்ஸ் தெருவிலுள்ள பெரிய காட்சிசாலையில் இருக்கிறது, கூட்டமும் அதிகம்.

திரும்பும் வழியில் அவர் சரித்திரம் சொல்லுவார். 1746-இல் கலோடன் போர்க்களத்தில் ஸ்டூவர்ட் வமிசத்தாரின் கட்சி தோற்றதும், மலைநாட்டு ஆடவர் தம் உடையை அணிவதைத் தடுத்துச் சட்டம் பிறந்தது. முதல் முறை மீறியவனுக்கு ஆறு மாதச் சிறை. மறுபடியும் மீறியவனுக்குக் கடல் கடந்த நாட்டில் ஏழாண்டு வாசம். ராஜாங்கத்தின் பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. 1782-இல் அச்சட்டம் நீங்கியபோது, அன்றாட உடையாகக் கில்ட்டை அறிந்த தலைமுறை மூப்படைந்துவிட்டது. நாற்பதாண்டு கழித்து, 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தபோது, நாவலாசிரியர் ஸர் வால்ட்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டின்படி, மன்னர் முதல் பிரபுக்கள் வரை பலரும் டார்ட்டன் என்னும் கட்டம் போட்ட கம்பளித் துணி தரித்து ஊர்வலம் வந்தார்கள். உழவனும் இடையனும் உடுத்தியது தர்பார் உடையாயிற்று. அதற்குரிய ஆபரணங்களும் பெருகின. "இன்று பழமை என்று நாம் சொல்வதில் பாதி அந்த ஊர்வலத்துக்காகத் தைத்தது" என்பார் பெரியவர். அதைச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில், அந்தப் பாதியில் ஒரு நூல் அளவும் பிசகாமல் தைப்பார். தையற்காரருக்கு அதில் முரண்பாடு எதுவும் தென்படவில்லை.

மண் வேலையில் எனக்கு முதலில் கிடைத்த பாடம் பொறுமை. மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். அம்மையார் கையாண்ட மண் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். மூன்று அங்குல ஊக்கு வேண்டுமானால் மூன்றேகாலுக்கும் சற்று அதிகமாகவே வெட்ட வேண்டும். பிசைந்து காற்றுப் போக்கிய மண்ணை, இருபுறமும் சமமான மரச் சட்டங்களை வைத்து அப்பளக் குழவி போன்ற ஒரு கட்டையால் தேய்த்துத் தகடாக்குவார். அது தோல் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, வடிவம் வெட்டி, ஓரங்களை ஈர விரலால் மழுங்கச் செய்வார். கூரான ஓரம் கம்பளி இழையைப் பற்றி இழுக்குமாதலால், ஓரத்தைத் தடவிப் பார்க்கும் உத்தியோகம் என்னுடையதாயிற்று. உலர்வது மெதுவாகவும் சீராகவும் இருக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு வளைந்துவிடும், வளைந்த ஊக்கு துணியில் ஒட்டி அமராது.

பூவேலைப்பாட்டில் அவருக்கென்று ஒரு பிரத்தியேகமான முறை இருந்தது. மலைநாட்டுக் குலங்கள் ஒவ்வொன்றுக்கும் டார்ட்டன் இருப்பதைப் போலவே அடையாளச் செடியும் உண்டு. மக்டோனல்டுகளுக்கு ஹெதர், கார்டன்களுக்கு ஐவி, ஃபிரேசர்களுக்கு யூ மரம் என்று அந்தந்தக் குலத்தார் அதன் சிறு கொத்தைத் தொப்பியில் செருகிக்கொள்வார்கள். அம்மையார் அந்தச் செடியின் உண்மையான கிளையையே பதமான மண்மேல் வைத்து அழுத்தி, எடுக்காமல் அப்படியே சூளைக்குள் அனுப்பிவிடுவார். கிளை எரிந்து சாம்பலாகும். நரம்பு நரம்பாக அதன் சுவடு மண்ணில் நிலைத்துவிடும். முதற்சூடு ஆயிரம் டிகிரி சென்டிகிரேடை ஒட்டியது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள படிகக்கல் திடீரென்று பருமன் மாறுவதால், அந்தக் கட்டத்தைக் கடக்கும்போது சூட்டை மெதுவாக ஏற்றவும் மெதுவாக இறக்கவும் வேண்டும். இல்லையேல் விரிசல் நிச்சயம்.

பிறகு நிறம். செம்பு பச்சை தரும், இரும்பு பழுப்புத் தரும், கோபால்ட் நீலம் தரும். ஹெதர் பூவின் ஊதாவுக்கு மாங்கனீஸோடு அணுவளவு கோபால்ட் சேர்க்க வேண்டும். வாடிக்கைக்காரர்கள் தங்கள் டார்ட்டனில் ஒரு துண்டு கொண்டுவந்தாலொழிய அவர் வண்ணம் குழைப்பதில்லை. துணியோடு போட்டி போடும் ஆபரணம் ஆபரணமே அல்ல என்பது அவர் அபிப்பிராயம். பகலில் அணியும் ட்வீட் உடைக்கு மங்கலான பூச்சு, இரவு விருந்துக்கு மினுங்கும் பூச்சு என்ற பேதமும் உண்டு. இரண்டாம் சூட்டின்போது, சூளையின் சிறு துவாரத்தின் வழியாக, குறித்த வெப்பத்தில் தலை சாய்க்கும் கூம்புகளை அவர் உற்றுப் பார்ப்பார். வெப்பமானியை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. கூம்பு வணங்கிய பிறகே சூளையை நிறுத்துவார். எஃகு ஊசியைப் பின்புறத்தில் பொருத்துவது எல்லாவற்றுக்கும் பிற்பட்ட வேலை. முன்னதாகவே மண்ணில் பதித்தால், மண் சுருங்குமேயன்றி எஃகு சுருங்காதாதலால், அணி பிளந்துவிடும். ஆகவே பின்புறத்தில் ஓரிடத்தைப் பூச்சில்லாமல் விட்டு, இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசையால் ஒட்டுவார்.

இவற்றினும் தொல்லை தந்தவை பொத்தான்கள். முன்னும் பின்னும் பூச்சுள்ள பொத்தானைத் தட்டின்மேல் வைத்துச் சுட்டால் அது தட்டோடு ஒட்டிக்கொள்ளும்; அதனால் நெருப்பைத் தாங்கும் நிக்ரோம் கம்பியில் கோத்துச் சூளைக்குள் தொங்கவிட வேண்டும். துவாரமும் சுருங்கும்; உள்ளே பூச்சு வழிந்தால் அடைத்தும் போகும். ஓர் அரைச் சட்டைக்கு ஐந்து பொத்தான் தேவையானால் எட்டுச் சுடுவார். அவற்றை மேஜையில் பரப்பி, நிறத்தாலும் கனத்தாலும் ஒத்த ஐந்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் அண்ணன் தங்கை இருவருக்கும் தேநீர் ஆறிப்போகும்.

அந்த அறைக்கு வந்துபோன மனிதர்கள் பலர். கார்டன் குலத்துக் கிழவர் ஒருவர், பேத்தியின் விவாகத்துக்காகத் தம் வீட்டுச் சுவரில் படர்ந்த ஐவிக் கொடியையே பறித்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மணப்பெண்ணுக்குத் தோளில் டார்ட்டன் துகிலைப் பொருத்த ஒரு புரோச், மணமகனுக்கு ஊக்கு, தமக்கு ஒன்று, மூன்றும் ஒரே கொடியின் இலைகளில் வேண்டும் என்பது அவர் விருப்பம். பெண்கள் அந்தத் துகிலை வலத்தோளில் குத்துவது பொது வழக்கம் என்றும், குலத் தலைவரின் மனைவி முதலானோர்க்கே இடத்தோள் உரியதென்றும் பெரியவர் அவருக்கு விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்தார். பாட்டனார் அதைப் பிறவி முதல் அறிந்தவர். ஆயினும் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றொரு நாள், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு செல்வர், தம் குலத் தலைவரின் சின்னத்தை வாரும் வளையமும் இல்லாமல் தனியே பொறித்துத் தரும்படி கேட்டார். ஸ்காத்லாந்தில் அத்தகைய சின்னம் தலைவருக்கே உரிய சொத்து. குலத்தார் அதைச் சுற்றி வளைந்த வாரோடும் வளையத்தோடும் சேர்த்தே அணியலாம். இவற்றை மேற்பார்க்க லார்ட் லயன் என்னும் அதிகாரியும் அவருக்கென்று நீதிமன்றமும் உண்டு. அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையுடன், "தலைவர் தாங்கள்தானா?" என்று கேட்டார். செல்வர் சிரித்துவிட்டு ஹெதர் கொத்துப் பதித்த ஊக்கொன்றை வாங்கிச் சென்றார். இன்னொரு முறை, அடுத்த தெருவில் குழந்தை பிறந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு, யாரும் கேளாமலே இதய வடிவில் கிரீடம் சூட்டிய சிறு புரோச் ஒன்றைச் செய்தார். எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி முற்காலத்தில் இருந்த லக்கன்பூத் என்னும் பூட்டுக் கடைகளின் பெயரால் வழங்கும் அந்த அணியைக் காதலர் பரிசளிப்பதுண்டு. குழந்தையின் போர்வையில் குத்தினால் கண்ணேறும் சூனியமும் அணுகா என்பதும் பழைய நம்பிக்கை. அம்மையார் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவர், சூனியத்தை நம்பாதவர். ஆனாலும் அந்தப் புரோச்சைப் பாதிரியார் வருவதற்கு முன்பே குத்திவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்.

இப்பொழுது சம்பிரதாயங்கள் வெகுவாக மாறிவிட்டன. நான் வந்த காலத்தில் தந்தையின் கில்ட்டை இடுப்பளவு மாற்றித் தைத்து மகன் உடுத்தினான். இன்று விவாகத்துக்கு முந்தின நாள் மணமகனும் தோழர்களும் கடைக்குச் சென்று, கில்ட், ஸ்போரன் என்னும் இடுப்புப் பை, காலுறை, ஊக்கு யாவற்றையும் ஒரே பெட்டியில் வாடகைக்கு எடுத்துவந்து, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எடின்பரோவின் ராயல் மைல் வீதியில் ஒரே அச்சில் வார்த்த ஊக்குகள் கூடைகளில் குவிந்து கிடக்கின்றன. புதிய டார்ட்டன்களைப் பதிவு செய்ய 2009 முதல் அரசாங்கப் பதிவேடே இருக்கிறது. போர்ட்டொபெல்லோவில் 1870-இல் பிறந்து, கில்ட் அணிந்து பாடியே உலகம் சுற்றிய ஹாரி லாடர் என்னும் மேடைப் பாடகரைத் தம் ஊர்க்காரர் என்று பெருமை பேசிக்கொண்டே, அவர் உடையில் ஆயிரம் குற்றம் கண்ட பெரியவர், இன்றைய கோலங்களைக் கண்டால் என்ன சொல்லுவாரோ! நான் இவற்றைப் பார்த்து வருந்துவதில்லை. பாதிப் பழமை ஊர்வலத்துக்காகத் தைத்தது என்று அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஆதங்கம் ஒன்றே: திங்கட்கிழமை திரும்பப் போகும் ஊக்கு உடைந்துவிடுமோ என்று அஞ்சி, ஆடாமல் சுவரோரம் நிற்கும் மாப்பிள்ளைகளைக் காண்கிறேன்.

ஏனெனில் அம்மையார் தம் கைவேலையைப் பரீட்சித்த இடம் நடனக் கூடம். ராபர்ட் பர்ன்ஸ் கவியின் பிறந்த நாளாகிய ஜனவரி 25 வந்தாலும், கல்யாணம் வந்தாலும், விருந்துக்குப் பின் கேய்லி என்னும் ஆட்டம் இருக்கும். ஒரு பர்ன்ஸ் விருந்துக்கு, குலமில்லாதவர்களும் அணியலாம் என்று பெரியவர் தீர்ப்பளித்த பிளாக் வாட்ச் டார்ட்டனில் எனக்கும் ஒரு கில்ட்டை உடுத்தி, தங்கையார் செய்த ஊக்கைத் தம் கையாலேயே மேற்பட்டையில் மட்டும் குத்தி, இருவரும் என்னை அழைத்துப் போனார்கள். வாத்தியம் தொடங்கியது. ஆடவரும் பெண்டிரும் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிச் சுழலும் ‘ஸ்ட்ரிப் தி வில்லோ’ ஆட்டத்தில் கூடமே அதிர்ந்தது. அம்மையார் ஆடவில்லை, ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலியில் முன்னே சாய்ந்து, சுழன்று செல்லும் கில்ட்டுகளின் கீழ் விளிம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊக்கு துணியோடு சேர்ந்து எழுகிறது, எது பின்தங்கித் துள்ளுகிறது, எது ஓரத்தை இழுக்கிறது என்று கவனித்து, மறுநாள் தகட்டின் கனத்தை ஒரு மயிரிழை குறைப்பார் அல்லது ஊசியை அரை விரற்கடை மேலே ஒட்டுவார். மேஜையில் அழகாயிருப்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

அவருடைய பட்டறைக் கதவில் வியாபார நிபந்தனை ஒன்று சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. மழையில் அழிய அழிய மறுபடியும் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. ஆட்டத்தில் உடைந்த அணிக்குப் பதில் அணி இலவசம், அலமாரியில் உடைந்ததற்கு முழு விலை என்பது அதன் சாரம். அப்படியானால் நஷ்டம் வராதா என்று ஒரு சமயம் கேட்டேன். "ஆடுகிறவன் திரும்பி வருவான், தம்பி; பூட்டி வைக்கிறவன் ஒருமுறைதான் வாங்குவான்" என்றார். இஸ்திரிப் பெட்டியின்மேல் குனிந்திருந்த பெரியவர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தங்கையோடு வாதாடவில்லை.